லெஸ்டர் கார் நிறுத்தத்தில் கிடைத்தது மூன்றாம் ரிச்சர்டின் எலும்புதானா?

கேள்வி இது: லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது என்கிறார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய எலும்பு அவருடையதுதான் என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்? டிஎன்ஏவை எதோடு ஒப்பிட்டார்கள்? திரும்ப அடக்கம் செய்வதற்கு ஏன் கோர்ட் வரைக்கும் போனார்கள்? அண்ணன் பிள்ளைகளை அவர்தான் கொன்றார் என்பது இதில் நிரூபணம் ஆனதா?

டிஎன்ஏ என்பதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிற பதில். ஆனால் டிஎன்ஏ மட்டும் கையில் இருந்திருந்தால் யாரும் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க முடியாது. எலும்பு கிடந்த இடம், முதுகுத்தண்டின் வளைவு, மண்டையோட்டு வெட்டுகள், வயது, காலம் எல்லாம் சேர்ந்து முக்கால்வாசி வழக்கை முன்பே முடித்துவிட்டிருந்தன. இன்னொன்று, இது யாரோ அஸ்திவாரம் தோண்டும்போது தற்செயலாகக் கிடைத்தது இல்லை. இன்னாரைத் தேடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்த் தோண்டி எடுத்தது. அதனால் தோண்டுவதற்கு முன்பு நடந்த காகித வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு பங்காளிக் குடும்பங்களுக்குள் அரியணைச் சண்டை, ரோஜாப் போர் என்பார்கள். யார்க் பக்கத்து அரசர் நான்காம் எட்வர்ட் 1483 ஏப்ரலில் இறந்தார். மூத்த பிள்ளைக்கு 12 வயது, இளையவனுக்கு 9. சித்தப்பாவான ரிச்சர்ட்தான் பாதுகாவலர். சில வாரங்களிலேயே, அண்ணனின் திருமணம் செல்லாது, எனவே பிள்ளைகளுக்கு உரிமை இல்லை என்று சொல்லி அவரே முடிசூடிக்கொண்டார். லண்டன் கோபுரத்தில் இருந்த அந்த இரண்டு பையன்களையும் அப்புறம் யாரும் பார்க்கவில்லை. இரண்டே வருடத்தில், 1485 ஆகஸ்ட் 22 அன்று, பாஸ்வொர்த் போரில் ஹென்றி டியூடரின் படையிடம் ரிச்சர்ட் தோற்று இறந்தார். வயது 32. போர்க்களத்தில் உயிர்விட்ட கடைசி இங்கிலாந்து அரசர் அவர்தான். வெற்றி பெற்ற டியூடர் வம்சம் நூறு வருடத்துக்கு மேல் ஆண்டது. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியர் நாடகம்தான் கூனன், கொடுங்கோலன், குழந்தைக் கொலைகாரன் என்ற உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

போருக்குப் பிறகு அவர் உடலைத் துணியில்லாமல் குதிரை மேல் போட்டு லெஸ்டருக்குக் கொண்டுவந்து, செத்தது ரிச்சர்ட்தான் என்று ஊர் நம்புவதற்காகப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பிறகு பிரான்சிஸ்கன் துறவிகளின் மடாலயமான கிரேஃப்ரையர்ஸில் எந்த ஆடம்பரமும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். இதை அக்காலத்தவரான ஜான் ரௌஸ் எழுதிவைத்திருக்கிறார். அதுவும் பொத்தாம்பொதுவாக இல்லை, மடாலயக் கோயிலில் பாடகர்குழு அமரும் பகுதியில் என்று இடத்தையே குறிப்பிட்டு. சுமார் பத்து வருடம் கழித்து, ஏழாம் ஹென்றியாக முடிசூடியிருந்த அதே ஹென்றி டியூடரே பணம் கொடுத்து அங்கே ஒரு நினைவுச்சின்னம் வைத்தார். 1538இல் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடியபோது கிரேஃப்ரையர்ஸும் இடிபட்டது, சின்னமும் போனது. பிறகு அந்த நிலத்தை லெஸ்டர் மேயராக இருந்த ராபர்ட் ஹெரிக் வாங்கி மாளிகை கட்டினார். 1612இல் அங்கே போன கிறிஸ்டோபர் ரென் (புனித பவுல் பேராலயத்தைக் கட்டியவரின் அப்பா) தோட்டத்தில் மூன்றடி உயரக் கல்தூண் ஒன்றையும், இங்கிலாந்து அரசராக இருந்த மூன்றாம் ரிச்சர்டின் உடல் இங்கே கிடக்கிறது என்ற பொருளில் அதில் எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறார். அதாவது அடக்கம் நடந்து 127 வருடம் கழித்தும் இடம் தெரிந்தே இருந்தது.

குழப்பம் அதே காலத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஜான் ஸ்பீட் என்ற வரைபடக்காரர் கல்லறையைத் தேடிப்போய்க் காணவில்லை. மடாலயத்தை இடித்தபோது எலும்புகளைத் தோண்டி எடுத்து சோர் ஆற்றுப் பாலத்தடியில் போட்டுவிட்டார்கள் என்ற ஊர்ப்பேச்சை 1611இல் அச்சேற்றினார். அவர் வரைந்த லெஸ்டர் வரைபடத்தைப் பார்த்தால் ஏன் காணவில்லை என்பது புரியும்: கிரேஃப்ரையர்ஸ் இருந்த இடத்தைத் தவறாகக் குறித்து, வேறொரு மடாலயமான பிளாக்ஃப்ரையர்ஸ் பக்கம் போயிருக்கிறார். ஆனாலும் ஆற்றுக்கதை நிலைத்துவிட்டது. 1856இல் பாலத்தருகே கல்வெட்டே வைத்தார்கள். நிறையப் பேர் தேடாமல் விட்டதற்கு இந்தக் கதை ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கதையை நம்பாமல் பழைய ஆவணங்களுக்குத் திரும்பியவர்களில் முக்கியமானவர் வரலாற்றாசிரியர் ஜான் ஆஷ்டவுன்-ஹில். அவரோடு சேர்ந்து இதை ஒரு திட்டமாக மாற்றியவர் பிலிப்பா லாங்லி. ரிச்சர்டின் பெயரைச் சுத்தப்படுத்த நினைப்பவர்களின் அமைப்பான மூன்றாம் ரிச்சர்ட் சங்கத்தின் ஸ்காட்லாந்துக் கிளையை நடத்தியவர் அவர். நகராட்சியின் சமூக சேவைத் துறை பயன்படுத்திய அந்தக் கார் நிறுத்தத்தில் நின்றபோது உடல் சிலிர்த்தது என்றும், கீழே பார்த்தால் தார்த்தரையில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அது ‘ரிசர்வ்டு’ இடத்துக்குப் போட்ட எழுத்துதான். பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா? ஆனால் தோண்ட அனுமதி கிடைத்தது சிலிர்ப்பைச் சொல்லி அல்ல. வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, மடாலயக் கோயில் எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டும் என்று காட்டி, நகராட்சியையும் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவையும் சம்மதிக்க வைத்தார்கள். பணம் பற்றாமல் திட்டம் நின்றுபோகவிருந்த நேரத்தில் சங்கத்து உறுப்பினர்கள் பல நாடுகளிலிருந்து அனுப்பி ஈடுகட்டினார்கள். லாங்லி விடாப்பிடியாக நிற்காவிட்டால் யாரும் அங்கே தோண்டியிருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் தோண்டியெடுத்தது யாருடையது என்று தெரிந்திருக்காது. யாருக்குப் பெருமை என்ற சர்ச்சையில் என் கருத்து அவ்வளவுதான்.

அகழாய்வுத் தலைவர் ரிச்சர்ட் பக்லியின் எதிர்பார்ப்பு வேறு. அவருக்கு முதல் குறி மடாலயத்தின் சுவரைக் கண்டுபிடிப்பது. பிறகு கோயில், அதற்குள் பாடகர்குழுப் பகுதி. அரசரின் கல்லறை பட்டியலில் கடைசி. ரிச்சர்ட் கிடைத்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றே சொல்லியிருந்தார். (பிற்பாடு தொப்பி வடிவத்தில் கேக் செய்து கொடுத்தார்கள், தின்றார்.) 2012 ஆகஸ்ட் 25 அன்று முதல் குழியை வெட்டினார்கள். அன்றைக்கே ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இரண்டு கால் எலும்புகள் தெரிந்தன. யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. மடாலய நிலத்தில் எலும்பு கிடைப்பது சாதாரணம். மூடிவைத்துவிட்டு, கட்டடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள மற்ற குழிகளை வெட்டினார்கள். சில நாளில், அந்தக் கால்கள் இருப்பது பாடகர்குழுப் பகுதிக்குள்தான் என்று தெரிந்தது. ரௌஸ் சொன்ன அதே இடம். செப்டம்பர் தொடக்கத்தில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, எலும்பியல் நிபுணர் ஜோ ஆப்பிள்பி மண்ணை விலக்கினார்.

குழியே விசித்திரமாக இருந்தது. ஆளின் நீளத்துக்குப் போதாமல் அவசரமாக வெட்டியது. பெட்டி இல்லை, சுற்றிய துணியின் அடையாளமும் இல்லை. தலை ஒரு மூலையில் சாய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. கைகள் இடுப்பின் ஒரு பக்கமாகக் குறுக்கே கிடந்ததால் கட்டியிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். பாதங்கள் மட்டும் இல்லை. பிற்காலத்தில் ஏதோ கட்டடத்துக்குத் தோண்டியவர்கள் கல்லறையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டியிருந்தால் மொத்தமும் போயிருக்கும். மண் விலக விலகத் தெரிந்தது முதுகுத்தண்டு. ஆங்கில எஸ் எழுத்தைப் போல பக்கவாட்டில் வளைந்திருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அது கூன் அல்ல. முன்னோக்கிக் குனிய வைக்கிற வளைவு கூன். இது ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவாட்டு வளைவு, பத்து வயதுக்குப் பிறகு வளரும் பருவத்தில் ஆரம்பித்தது. வளைவு கடுமைதான், 65 முதல் 85 டிகிரி வரை என்று கணக்கிட்டார்கள். நேராக இருந்திருந்தால் சுமார் 173 சென்டிமீட்டர் உயரம் இருந்திருப்பார். வளைவினால் சில அங்குலம் குறைந்து, வலது தோள் இடதைவிட ஏறித் தெரிந்திருக்கும். நல்ல தையற்காரரும் கவசம் செய்பவரும் அதைப் பெரும்பாலும் மறைத்துவிட்டிருப்பார்கள். நாடகத்தில் வருகிற சூம்பிய கை வெறும் கற்பனை. இரண்டு கைகளும் ஒழுங்காக இருந்தன. டியூடர் காலத்துத் தாமஸ் மோர் இடது தோள்தான் உயரம் என்றார். ரௌஸ் வலது என்றார். எலும்பு ரௌஸ் பக்கம்! அடக்கம் செய்த இடத்தையும் சரியாகச் சொன்னவர் அவரே. ரிச்சர்ட் இறந்த பிறகு அவரை ஏகத்துக்கும் வசைபாடியவர்தான் இந்த ரௌஸ். வசையையும் தகவலையும் தனித்தனியாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது காயங்கள். சாகும் நேரத்தில் அல்லது செத்தவுடனே ஏற்பட்டவை மொத்தம் 11, அதில் 9 மண்டையோட்டில். மேலே தோலைச் சீவினாற்போல வெட்டுகள், குத்துவாள் போன்ற ஒன்று இறங்கிய சிறு துளை, தாடையில் ஒரு கீறல். அந்தக் கீறல் தலைக்கவசத்தின் வாரை அறுத்தபோது பட்டதாக இருக்கலாம். உயிரைப் பறித்திருக்கக்கூடியவை மண்டையின் அடிப்பகுதியில் இரண்டு. ஒன்றில் எலும்பின் ஒரு துண்டே வெட்டப்பட்டிருக்கிறது, மற்றது உள்ளே பாய்ந்த கூர்முனை. சேற்றில் குதிரை சிக்கி நின்றபோது வேல்ஸ் வீரன் ஒருவன் ஹால்பர்ட் என்ற நீண்ட பிடிக் கோடரியால் அடித்தான் என்று அக்காலத்து ஜான் மொலினே எழுதியிருக்கிறார். அதோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. கைகளில் தடுத்த காயம் எதுவும் இல்லை என்பதால் உடம்பில் கவசம் இருந்திருக்க வேண்டும். தலையில் மட்டும் இல்லை. விலாவிலும் இடுப்பெலும்பிலும் ஒவ்வொரு காயம். இடுப்பெலும்புக் காயம் கவசம் அணிந்தவருக்குப் படக்கூடிய இடத்தில் இல்லை. செத்த பிறகு, குதிரை மேல் கவிழ்த்துப் போட்டிருந்தபோது, அவமானப்படுத்த யாரோ பின்பக்கம் குத்தியது என்றே கருதுகிறார்கள்.

காலக் கணிப்பில் சின்னச் சிக்கல் வந்தது. கதிரியக்கக் கார்பன் சோதனை முதலில் காட்டியது 1485க்கு முந்தைய வருடங்களை. காரணம் மீன். கடலில் இருக்கும் கார்பன் ‘பழையது’. கடல் உணவு நிறையச் சாப்பிட்டவரின் எலும்பு தன் உண்மை வயதைவிட மூத்ததாகக் காட்டும். அதைச் சரிசெய்து பார்த்தபோது 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை என்று வந்தது. இந்தத் திருத்தமே ஒரு தகவலைச் சொல்கிறது: 30 வயதை ஒட்டிய இந்த மனிதர் விலையுயர்ந்த சாப்பாடு சாப்பிட்டவர். பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் பல்லையும் எலும்பையும் ஆராய்ந்து, கடைசிச் சில வருடங்களில், அதாவது அரசராக இருந்த காலத்தில், ஆற்று மீன், காட்டுப்பறவை, ஒயின் எல்லாம் கூடியிருப்பதாகச் சொன்னது. இடுப்புப் பகுதி மண்ணில் உருண்டைப் புழுவின் முட்டைகளும் கிடைத்தன. அரண்மனைச் சாப்பாடு என்றாலும் வயிற்றில் புழு.

இனி டிஎன்ஏ. ரிச்சர்டுக்கு நேர் வாரிசு கிடையாது. முறைப்படி பிறந்த ஒரே மகன் 1484இலேயே இறந்துவிட்டான். பிறகு எதோடு ஒப்பிடுவது? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் மகள்கள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குத் தொடரும். எனவே ரிச்சர்டின் அம்மா செசிலி நெவிலிடமிருந்து அது ரிச்சர்டுக்கும் வந்திருக்கும், அவருடைய அக்கா ஆனுக்கும் வந்திருக்கும். அக்காவின் மகள், மகளின் மகள் என்று ஒரு கண்ணிகூட அறாமல் இன்றுவரை வந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பரம்பரைகள் எல்லாம் அப்பா பெயரில்தான் எழுதப்பட்டிருக்கின்றன, பெண்கள் கல்யாணமானதும் வேறு குடும்பப்பெயருக்குள் போய்விடுகிறார்கள். அகழாய்வுக்குப் பல வருடம் முன்பே இந்த வேலையைச் செய்து முடித்து கனடாவில் ஜாய் இப்சன் என்ற பெண்மணி வரை வந்து சேர்ந்தவர் ஆஷ்டவுன்-ஹில். ஜாய் 2008இல் இறந்துவிட்டார். அவர் மகன் மைக்கேல் இப்சன் லண்டனில் மரச்சாமான் செய்யும் தச்சர். எலும்பு வெளியே வந்தபோது ஒப்பிட ஆள் தயாராக இருந்தார். பிறகு கெவின் ஷூரர் தலைமையில் ஆவணங்களைத் தனியாகச் சரிபார்த்தபோது, அதே ஆன் வழியில் வேறொரு கிளையில் வெண்டி டல்டிக் என்ற இரண்டாவது ஆளும் கிடைத்தார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிளை ஆரம்பிக்கிற இடம். ஆனின் இரண்டாவது கணவர் தாமஸ் செயின்ட் லெஜர், ரிச்சர்டுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்தார். 1483 நவம்பரில் ரிச்சர்ட் அவர் தலையை வெட்டச் சொன்னார். அந்த அக்கா புருஷனின் மகள் வழியாக வந்தவர்களின் டிஎன்ஏதான் 529 வருடம் கழித்து ரிச்சர்டை அடையாளம் காட்டியது.

மரபியலாளர் டூரி கிங்கின் சோதனையில் மைக்கேல் இப்சனின் மைட்டோகாண்ட்ரியா முழுக்க ஒத்துப்போனது. வெண்டி டல்டிக்குக்கு ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அத்தனை தலைமுறை தாண்டி வந்ததற்கு இது எதிர்பார்க்கக்கூடியதுதான். இந்த வகை மைட்டோகாண்ட்ரியா மிகவும் அபூர்வம். 26,000க்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களின் தரவுத்தளத்தில் தேடியும் ஒத்தது கிடைக்கவில்லை. அபூர்வம் என்பது முக்கியம். சாதாரண வகையாக இருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிற ஒய் குரோமோசோமின் கதை வேறு. ரிச்சர்டின் ஆண்வழி முன்னோரான அரசர் மூன்றாம் எட்வர்டிடமிருந்து வந்த இன்னொரு கிளையில், ஐந்தாவது பியூஃபர்ட் பிரபுவின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேரைச் சோதித்தார்கள். எலும்புக்கூட்டோடு யாரும் ஒத்துப்போகவில்லை. அந்த ஐந்து பேரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு ஒத்துப்போகவில்லை! ரிச்சர்டிலிருந்து மூன்றாம் எட்வர்ட் வரை மேலே 4 கண்ணி, அங்கிருந்து அந்தப் பிரபு வரை கீழே 15 கண்ணி. இந்த 19இல் எங்கோ ஓரிடத்தில் காகிதத்தில் எழுதிய அப்பா உண்மையான அப்பா இல்லை. இது எலும்பு ரிச்சர்டுடையது இல்லை என்பதற்கு ஆதாரமாகாதா என்று கேட்கலாம். ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு சதவீதம் இப்படி நடக்கும் என்று வைத்துக்கொண்டாலே 19 தலைமுறையில் எங்கோ ஒரு முறை நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆய்வாளர்கள் இந்தப் பொருந்தாமையையும் கணக்கில் சேர்த்தே பார்த்தார்கள். பத்திரிகைகளோ, இன்றைய அரச குடும்பத்துக்கே உரிமை இல்லையா என்று தலைப்புப் போட்டன. முறிவு எந்தக் கண்ணியில் என்று தெரியாதவரை அது வெறும் வம்பு.

2014 மார்ச்சில் மைக்கேல் ஹிக்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள், அதே தாய்வழியில் வந்த வேறு யாராவது அதே காலத்துச் சண்டையில் இறந்திருக்கலாமே என்று ஐயம் எழுப்பினார்கள். நியாயமான கேள்வி. ஆண்டின் இறுதியில் வெளியான ஆய்வுக் கட்டுரை இதற்கு எண்ணால் பதில் சொன்னது. இது ரிச்சர்டாக இருக்க வாய்ப்பு குறைவு என்றே முதலில் வைத்துக்கொண்டு, காலம், வயது, பால், முதுகு வளைவு, காயம், தாய்வழி, ஆண்வழி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தபோதும் 99.999 சதவீதம் வந்தது. முதுகுத்தண்டு வளைந்து, 30 வயதை ஒட்டி, தலையில் வெட்டுப்பட்டு, அதே கோயிலின் அதே பகுதியில் கிடந்த, அபூர்வமான அதே தாய்வழிக் குறியைக் கொண்ட இன்னொரு ஆணைக் கற்பனை செய்வது கடினம். 2013 பிப்ரவரி 4 அன்றே பல்கலைக்கழகம் இதை அறிவித்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முழு மரபியல் கட்டுரை வந்தது அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. அந்த வரிசை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முடிவு மாறவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, வழக்கு. எலும்பைத் தோண்ட நீதித்துறை அமைச்சகம் கொடுத்த அனுமதியிலேயே, லெஸ்டரில் மறுபடி அடக்கம் செய்யலாம், முடிவைப் பல்கலைக்கழகம் எடுக்கலாம் என்று இருந்தது. கிறிஸ்தவக் கல்லறையில் கிடைத்ததைப் பக்கத்திலிருக்கும் புனித நிலத்திலேயே அடக்குவது பிரிட்டிஷ் தொல்லியலில் வழக்கம். லெஸ்டர் பேராலயம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் ரிச்சர்டின் உடன்பிறந்தோர் வழி வந்தவர்கள் சிலர் பிளான்டாஜெனட் அலையன்ஸ் (பிளான்டாஜெனட் என்பது ரிச்சர்டின் வம்சப் பெயர்) என்று சேர்ந்து, யார்க் பேராலயத்தில்தான் அடக்க வேண்டும், எங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். யார்க்குக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ரிச்சர்டின் வாழ்க்கையும் செல்வாக்கும் வட இங்கிலாந்தில்தான். யார்க் பேராலயத்தில் நூறு குருமார்களோடு ஒரு வழிபாட்டு மடம் நிறுவத் திட்டமிட்டிருந்தார். அவர் இறந்த மறுநாளே யார்க் நகர அவை, எங்கள் ஊருக்குப் பெருந்துயரம் என்று பதிவேட்டில் எழுதிவைத்தது. ஜெயித்தவன் வாசலில் நிற்கும்போது அப்படி எழுதத் தைரியம் வேண்டும். இருந்தாலும் யார்க் பேராலய நிர்வாகமே லெஸ்டரை ஆதரித்தது.

நீதிமன்றத்தில் யார்க்கா லெஸ்டரா என்பது கேள்வியே இல்லை. அமைச்சர் அனுமதி தரும் முன் பரவலாகக் கருத்துக் கேட்டிருக்க வேண்டுமா என்பது மட்டும்தான். 2013இல் வழக்கை ஏற்ற நீதிபதி, மறுபடி ரோஜாப் போர் நடத்தாதீர்கள் என்று இரு தரப்புக்கும் அறிவுரை சொன்னார். 2014 மே 23 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒரு கடமை சட்டத்தில் இல்லை என்று தள்ளுபடி செய்தது. 500 வருடத்தில் உடன்பிறந்தோர் வழிச் சந்ததி பல லட்சங்களைத் தாண்டிவிடும். அதில் யாரைக் கேட்பது, யாரை விடுவது?

அடக்கம் 2015 மார்ச்சில் நடந்தது. 22ஆம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து பெட்டி கிளம்பி, போர் நடந்த வயல்கள், சுற்றியுள்ள கிராமங்கள் வழியாக நகருக்கு வந்தது. ஓக் மரப்பெட்டியைச் செய்தவர் தச்சரான மைக்கேல் இப்சனே. வழிநெடுக 35,000 பேர் நின்றார்கள், அடுத்த மூன்று நாளில் சுமார் 20,000 பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ரிச்சர்ட் கத்தோலிக்கர், இங்கிலாந்துத் திருச்சபை பிரிவதற்கு முன்பே இறந்தவர். லெஸ்டர் பேராலயமோ ஆங்கிலிக்கன். இதைச் சமாளிக்க, கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ் முதல் நாள் பேராலயத்தில் பிரசங்கம் செய்தார். மறுநாள் கத்தோலிக்கக் கோயிலில் தனியாகத் திருப்பலி நிறைவேற்றினார். 26ஆம் தேதி கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அடக்கத்தை நடத்தினார். நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் கவிதை வாசித்தார், அவரும் தூரத்து உறவாம்.

இதை ‘இறுதிச் சடங்கு’ என்று பலர் எழுதினார்கள். அது 1485லேயே துறவிகள் செய்திருப்பார்கள், இது மறுஅடக்கம். அதற்குத் தனியாக 15ஆம் நூற்றாண்டுச் சடங்குமுறையே உண்டு, வார்விக் பிரபு ஒருவரை 1475இல் மாற்றி அடக்கியதற்கான கையெழுத்துப் பிரதியிலிருந்து அலெக்ஸாண்ட்ரா பக்கிள் என்ற ஆய்வாளர் எடுத்துக்கொடுத்தார். எலும்பை எடுத்து மரியாதையோடு வேறிடத்தில் வைப்பது அக்கால அரச குடும்பங்களில் வழக்கம். ரிச்சர்டே 1476இல் தன் அப்பாவின் எலும்பை ஃபோதரிங்கேக்குக் கொண்டுபோன ஊர்வலத்தில் தலைமைத் துக்கக்காரராக நடந்தவர். 1484இல் அரசராக இருந்தபோது, எதிரி வம்சத்து ஆறாம் ஹென்றியின் உடலை வின்ட்சருக்கு மாற்றி அடக்கியதும் அவர்தான். கார் நிறுத்தத்துப் பக்கத்துப் பள்ளிக் கட்டடத்தை நகராட்சி வாங்கி 2014இல் பார்வையாளர் மையம் திறந்தது. அந்தப் பழைய குழியைக் கண்ணாடித் தரை வழியாகப் பார்க்கலாம். அடக்கத்துக்கு அடுத்த வருடம், 2016இல், லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி யாரும் எதிர்பார்க்காமல் பிரீமியர் லீக் பட்டம் வென்றபோது, ராஜாவை ஒழுங்காக அடக்கம் செய்ததால்தான் என்று ஊரில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசிக் கேள்வி, அண்ணன் பிள்ளைகள். எலும்புக்கூடு இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. முதுகு எப்படி இருந்தது என்று சொல்லும், மனசு எப்படி இருந்தது என்று சொல்லாது. 1674இல் லண்டன் கோபுரத்தில் மாடிப்படிக்கு அடியில் கிடைத்த இரண்டு சிறுவர்களின் எலும்புகளை இளவரசர்களுடையவை என்று நம்பி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரு கலசத்தில் வைத்திருக்கிறார்கள். 1933இல் திறந்து பார்த்ததோடு சரி, டிஎன்ஏ சோதனை நடக்கவில்லை. நடந்தால் ரிச்சர்டின் எலும்பு இப்போது உதவும். தாய்வழி உதவாது, பையன்களின் அம்மா எலிசபெத் உட்வில் வேறு குடும்பம். ஆனால் ஒய் குரோமோசோம் அப்பா வழியில் சித்தப்பாவோடு ஒத்துப்போக வேண்டும். அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு: நான்காம் எட்வர்ட் முறையான பிள்ளை இல்லை என்று அவர் காலத்திலேயே ஒரு வதந்தி ஓடியது. ஒத்துப்போகாவிட்டால் அது வேறு யாருடைய பிள்ளைகளோ என்று ஒரு கட்சி சொல்லும், வதந்தி உண்மை என்று இன்னொரு கட்சி சொல்லும்.